எண்ணெயும் மனச்சோர்வும்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கும் மனநலத் திட்டத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ஆகியோருக்கும் வணக்கம்.

அரசு மருந்தகத்தின் சன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டுகள் நின்று ஓய்வுபெற்ற மருந்தாளுநர் நான். இப்போது அம்மாப்பேட்டையில் குடியிருக்கிறேன். மருத்துவன் அல்லன், ஆகவே நோயை அறுதியிட்டுச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் ஒரு புட்டியைக் கையில் எடுத்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த மடலுக்குக் காரணமே அப்படிப் படித்த ஒரு புட்டிதான்.

என் தங்கை மகன் சிவதாபுரம் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்று வைக்கும் வேலை செய்கிறான். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தொடங்கி அவனுக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பான். பட்டறையில் கையிலெடுத்த கொலுசு பாதியில் நிற்கும். செய்த வேலைக்குத்தான் கூலி என்பதால் வாரக் கடைசியில் வரும்படி பாதியாகும். சோம்பல் என்றார்கள் சிலர், காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்றார்கள் சிலர். ஒருவழியாக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். ஐந்தாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவன் யாரும் சொல்லாமல் தானாகவே எண்ணெய் தேய்த்துக் குளித்தான் என்று என் தங்கை தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் புட்டி வந்தது. ஊட்டச்சத்துப் பொருள் விற்கும் ஒருவர், பெயர் வேண்டாம், பட்டறைத் தெருவுக்கே வந்து விற்றிருக்கிறார். அறுபது மாத்திரை, தொள்ளாயிரம் ரூபாய். "மாமா, இது மீன் எண்ணெய்தான், சைடு எஃபெக்ட் கிடையாதாம். மூளையே கொழுப்புதானாமே, அந்தக் கொழுப்பு கொறஞ்சதாலதான் எனக்கு இப்படியாம்" என்றான் பையன். ஆஸ்பத்திரி மாத்திரையை அவன் நிறுத்தி இருபது நாள் ஆகியிருந்ததை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். தை பிறக்கும் முன்பே பழைய விடியற்காலைகள் திரும்பிவிட்டன.

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் '1000 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது மீன் எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.எச்.ஏ. 120 மி.கி. என்று எறும்பு எழுத்தில் இருந்தது. இவை மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பமிலங்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் பேசப்படுவது இந்த இரண்டைத்தான், அவற்றிலும் முக்கியமாக இ.பி.ஏ.வை. ஊட்டச்சத்து சார்ந்த மனநல ஆய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மனச்சோர்வுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் இ.பி.ஏ. நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் வரை வேண்டும் என்கிறது. கணக்குப் போடுங்கள்: ஒரு கிராம் இ.பி.ஏ.வுக்கு இந்தப் புட்டியிலிருந்து நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்க வேண்டும். புட்டி பத்து நாளில் தீரும். மாதச் செலவு 2,700 ரூபாய். பையனோ நாளுக்கு ஒன்றுதான் போட்டுக்கொண்டான். அதாவது வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட நிறையாத ஒன்றை நம்பி, வேலை செய்துகொண்டிருந்த மருந்தைக் கைவிட்டான். 'மருந்தோடு சேர்த்து' என்ற இரண்டு சொற்களை விற்றவர் விழுங்கிவிட்டார்.

ஆனால் அந்த விற்பனையாளர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்தான். நரம்பணுக்களைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புவது அந்தச் சவ்வின் வழியாகவே. அந்தச் சவ்வின் நெகிழ்வு அதில் எந்தக் கொழுப்பமிலம் அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான கொழுப்பை உடல் தானே செய்துகொள்ளும். இரண்டை மட்டும் செய்துகொள்ளத் தெரியாது: ஒமேகா-6 வரிசையின் முதலாவதான லினோலிக் அமிலம், ஒமேகா-3 வரிசையின் முதலாவதான ஆல்பா லினோலெனிக் அமிலம். இவை இரண்டும் சோற்றுத் தட்டிலிருந்துதான் வர வேண்டும். உணவுக் கொழுப்பில் உயிருக்கு இன்றியமையாத அமிலங்கள் உண்டு என்பதை எலிகளுக்குக் கொழுப்பில்லா உணவு கொடுத்து 1929-இல் காட்டியவர்கள் அமெரிக்காவின் பர் தம்பதியர்.

உடல் இந்த இரண்டு வரிசைகளையும் ஒரே நொதிகளைக் கொண்டுதான் நீட்டி வளர்க்கிறது. ஒமேகா-3 வரிசை நீளும்போது கிடைப்பவைதாம் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும். ரேஷன் கடையில் ஒரே தராசு, வெளியே இரண்டு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒமேகா-6 வரிசையில் கூட்டம் நெருக்கினால் ஒமேகா-3 வரிசை நகராது. ஒமேகா-6 வழியே உருவாகும் அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து உடலில் அழற்சியை ஏற்றும் பொருள்கள் பல பிறக்கின்றன; இ.பி.ஏ. அந்த இடத்துக்குப் போட்டியிட்டு அழற்சியைத் தணிக்கிறது. மனச்சோர்வுற்றோரில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் அழற்சிக் குறிகள் கூடியிருக்கின்றன என்பது பல ஆய்வுகளில் கண்ட செய்தி. கொழுப்புக்கும் மனத்துக்கும் இடையே ஆய்வாளர்கள் தேடும் பாலங்களில் முக்கியமான ஒன்று இது.

இதைத் தெரிந்துகொண்டு என் தங்கையின் அடுப்படிக்குள் போய் நின்றேன். நான்கு எண்ணெய்கள் இருந்தன. லிட்டர் 25 ரூபாய்க்கு ரேஷனில் வாங்கிய பாமாயில், சட்னி தாளிக்கச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், குழம்புக்கு நல்லெண்ணெய், விருந்தாளி வந்தால் பிரிக்கும் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட். சேலத்தில் பெரும்பாலான வீட்டு அலமாரி இதுதான். இவற்றில் ஒன்றைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன்; கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயில் புகழப்படும் அதே ஒலிக் அமிலம் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் நான்கிலும் சேர்த்துப் பார்த்தாலும் ஒமேகா-3 ஏறக்குறைய இல்லை. சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் ஏறத்தாழ 60 விழுக்காடு, நல்லெண்ணெயில் 40-ஐ ஒட்டி, பாமாயிலில் 10 அளவில். பாமாயிலில் மீதியில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பும் ஒலிக் அமிலமும். வடநாட்டார் வீட்டுக் கடுகெண்ணெயில் இயல்பாகவே இருக்கும் ஆல்பா லினோலெனிக் அமிலம் நம் தாளிப்பில் கிடையாது. எண்ணெயை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள் என்று ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நம் ஊரில் எதை எதோடு மாற்றினாலும் இந்த ஒரு குறை அப்படியே நிற்கிறது.

அப்படியானால் நம் முன்னோருக்கு அது எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்து அன்று, சட்டியில் வெந்ததிலிருந்து. உளுந்தில் கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பெரும்பங்கு ஒமேகா-3. கம்பு, தட்டைப்பயறு, வெந்தயம், கீரைகள் ஆகியவற்றிலும் சிறிது சிறிதாக இருக்கிறது. கீரைகளில் முதலிடம், தோட்டத்து ஓரத்தில் தானாக முளைத்துப் படர்ந்து கிடக்கும் பருப்புக்கீரைக்கு. களையென்று பிடுங்கி எறிகிற அதைத்தான் ஒமேகா-3 மிகுந்த கீரை என்று வெளிநாட்டு ஆய்வேடுகள் எழுதுகின்றன. என் அம்மா அதைத் துவரம்பருப்போடு கடைந்து, மேலே இரண்டு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளிப்பார். அதற்கு 'மூளைக்கு நல்லது' என்றெல்லாம் அவர் விளம்பரம் சொன்னதில்லை.

இங்கே ஒரு தடையும் உண்டு. அதை மறைத்தால் நானும் அந்தப் புட்டிக்காரர்தான். கீரையிலும் ஆளிவிதையிலும் உள்ள ஒமேகா-3-ஐ உடல் இ.பி.ஏ.வாக மாற்றும் அளவு நூற்றுக்குச் சில பங்குதான், டி.எச்.ஏ.வாக மாறுவது அதனினும் சொற்பம். நேராகக் கிடைப்பது கொழுப்பு மிகுந்த கடல் மீனில். நம் மாவட்டத்துக்கு மேட்டூர் அணையின் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் பெருமைதான். ஆனால் இந்த இரு அமிலங்களைப் பொறுத்தவரை ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மத்தியும் அயிலையும் அவற்றைவிடப் பல மடங்கு மேல். மத்தி நாற்றம் என்று முகம் சுளித்துவிட்டு அணை மீனுக்கு வரிசையில் நிற்கிறோம். விலை மலிவானதே இந்த விஷயத்தில் சத்து மிக்கதாகவும் அமைந்திருப்பது ஏழைக்கு வாய்த்த நல்லூழ். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை. பொரிக்காமல் புளிக்குழம்பு வைத்தால் இன்னும் நல்லது.

இனி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். அமெரிக்க மனநல ஆய்வாளர் ஜோசப் ஹிப்பெல்ன் 1998-இல் 'லான்செட்' இதழில் நாடுகளை ஒப்பிட்டு, மீன் மிகுதியாக உண்ணும் ஜப்பானில் மனச்சோர்வு மிகக் குறைவாகவும் குறைவாக உண்ணும் நியூசிலாந்தில் மிகுதியாகவும் இருப்பதாகக் காட்டினார். அழகான கோடு, ஆனால் மனக்கவலையை வெளியே சொல்வதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. சிவதாபுரத்தில் கணக்கெடுக்க வந்தால் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? ஸ்பெயினில் பட்டதாரிகள் 12,059 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, எண்ணெயை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உண்டாகும், மாறுபக்கக் கொழுப்பு எனப்படும் டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு கூடுதலாக வந்ததை 2011-இல் வெளியிட்டது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சோர்ந்துபோனவன் சமைக்க மாட்டான். கடையில் பப்ஸும் பஜ்ஜியும் வாங்கித் தின்பான். உணவு மனத்தைக் கெடுத்ததா, மனம் உணவைக் கெடுத்ததா என்று பிரித்தறிவது கடினம். என் தங்கை மகன் விஷயத்தில் இரண்டாவது நடந்ததை நானே பார்த்தேன்: அம்மா வைத்த சோறு அப்படியே இருக்க, இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா பொட்டலத்தோடு வருவான்.

ஆகவே சோதனை முறை ஆய்வுகளுக்கே எடை அதிகம். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 18,353 பேரை வைத்து ஐந்தாண்டுக்கு மேல் நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வந்தது: நாள்தோறும் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தும் மனச்சோர்வு வராமல் தடுக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளுக்கு டி.எச்.ஏ. கொடுத்துப் பார்த்து 2010-இல் வெளியான முடிவும் அதுவே. பேறுகாலத்துக்குப் பிந்தைய சோர்வு குறையவில்லை. இதற்கு எதிர்ப்புறத்தில், ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கு மருந்தோடு இ.பி.ஏ. மிகுந்த எண்ணெய் கொடுத்த சிறு சிறு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓரளவு பயன் தெரிகிறது, டி.எச்.ஏ. மிகுந்ததில் அது தெரிவதில்லை. என்னை மிகவும் ஈர்த்தது ஆஸ்திரேலியாவில் ஃபெலீஸ் ஜாக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்டது. 67 நோயாளிகள், பன்னிரண்டு வாரம். ஒரு பாதியினருக்கு உணவு ஆலோசனை, மறு பாதியினருக்கு வெறுமனே பேச்சுத் துணை. மாத்திரை எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. பெரும்பாலோர் ஏற்கெனவே இருந்த சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். பயறு, காய், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டையே திருத்திய பிரிவில் மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது; மற்றதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. ஆய்வு சிறியது, யார் எந்தப் பிரிவு என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும், ஆகவே இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று விளங்குகிறது: புட்டியில் அடைத்த ஒற்றைக் கொழுப்பைவிடத் தட்டு முழுவதும் மாறியதற்கே பலன் மிகுதியாகத் தெரிந்திருக்கிறது.

டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 சனவரி முதல் எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பொரித்த எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் 'துருவப் பொருள்கள்' 25 விழுக்காட்டைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 சூலை முதல் விதி. அந்தி நேரத்தில் கடைவீதிகளில் போய்ப் பாருங்கள். காலையில் ஊற்றிய எண்ணெய் மாலைக்குள் கருத்து, நுரை கட்டி, மேலே புகை கிளம்ப, கடைக்காரர் அதிலேயே புதிதாக அரை லிட்டரைச் சேர்த்து அடுத்த ஈடு பஜ்ஜியைப் போடுகிறார். தட்டு வடை செட்டை நான் குறை சொல்லவில்லை. பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துக் கொடுக்கும் பலகாரம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? குற்றம் வாணலியில். கருகிய எண்ணெய் நேராக மனத்தைக் கெடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இதயத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் அது கேடு என்பதே உணவுப் பாதுகாப்பு அலுவலரை அளவிடும் கருவியோடு மாலை ஆறு மணிக்கு அனுப்பப் போதுமான காரணம்.

இப்போது என் வேண்டுகோள். தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் சொன்னபடி, நம் நாட்டில் இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அந்த ஒருவர் உங்கள் மனநலப் பிரிவுக்கு வரும்போது தூக்கம் கேட்கிறீர்கள், பசி கேட்கிறீர்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. கூட்டத்தின் நெருக்கடி எனக்குத் தெரியும். அதே நெருக்கடியில் நானும் நின்றவன். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் புட்டிக்காரர் வந்து பேசுகிறார். ஒரே ஒரு பக்கம் அச்சிட்டு, மருந்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். சேலத்து அடுப்படித் தமிழில் அது இருக்கட்டும். சால்மனும் ஆலிவ் எண்ணெயும் அவகாடோவும் அதில் வேண்டாம்.

மலையில் இது இன்னும் அவசரம். சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாள் கூலி போகும். சாமையும் கேழ்வரகும் கீரையும் இருந்த மலையாளிப் பழங்குடியினரின் தட்டில் ரேஷன் அரிசியும் பாமாயிலும் ஏறிவிட்டன. கடல் மீன் அங்கே எட்டுவதில்லை. ஆனால் இரத்த அழுத்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் அந்த வீடுகளுக்குப் போகிறார். அவருக்கு இரண்டே கேள்விகளைக் கற்றுக் கொடுங்கள். மருத்துவர்கள் அறிந்தவைதான் அவை: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? மூன்றாவதாக, வீட்டில் என்ன எண்ணெய், வாரத்தில் எத்தனை நாள் கீரை என்று கேட்கட்டும். கர்ப்பிணிகளின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் அரசு நெய் வைக்கிறது, வரவேற்கிறேன். அதோடு ஒரு பொட்டலம் ஆளிவிதைப் பொடியும் சேர்க்கலாமா என்பதை மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஆல்பா லினோலெனிக் அமிலம் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உண்டு.

என் தங்கை மகன் மாசி மாதத்திலிருந்து மறுபடியும் ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிடுகிறான். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் மத்திக் குழம்பு. இப்போது அவன் தூங்குகிறான். கொலுசும் பாதியில் நிற்பதில்லை. "மாத்திரையா அண்ணா, மீனா?" என்று என் தங்கை கேட்டாள். மாத்திரை என்று சொன்னேன். மீனையும் நிறுத்தாதே என்றேன்.

அந்த ஒரு பக்கத்தை நானே எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். திருத்தும் பொறுப்பு மருத்துவர்களுடையது. முதல் மூன்று வரிகளை இங்கேயே தருகிறேன். மருத்துவரைக் கேட்காமல் மனநல மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை வாங்குவதாக இருந்தால் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் மருத்துவரையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். மனம் மிகவும் கனத்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் எனும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி கிடைக்கும்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.